ஐந்தாம் மாடிக்காரி

தர்மராஜ் பொய் சொல்கிறான் என்று அவன் பெண்டாட்டி சரோஜாவுக்குக் காட்டிக் கொடுத்தது அவனுடைய செருப்புதான். தாலுகா ஆபீஸ் பியூன் அவன். நாலு ஞாயிறாக, தாசில்தாருக்கு மாவலிபுரத்தில் கேம்ப் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்ட கையோடு கிளம்புகிறான், பொழுது சாயத் திரும்புகிறான். கடற்கரைக்குப் போய் வந்தவன் செருப்பை உதறினால் ஒரு பிடி மணலாவது விழ வேண்டாமா? செங்கல்பட்டுச் செம்மண்தான் விழுந்தது. சட்டையை முகர்ந்து பார்த்தாள். உப்புக் காற்று வாசனை இல்லை. மூக்குப்பொடி வாசனை அடித்தது.

தர்மராஜுக்குப் பொடி போடும் பழக்கமே கிடையாது. பொடி போடுகிற பொம்பளை யாரென்று தெருவில் வீடு வீடாக எண்ணிப் பார்த்தாள். கிழவிகள்தான் தேறினார்கள்.

நாலாவது ஞாயிறு கழிந்து, அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு காகிதம் அகப்பட்டது. இங்கிலீஷ். சரோஜாவுக்குத் தமிழே படிக்கத் தெரியாது. காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, தான் பால் ஊற்றுகிற வீடுகளில் கடைசி வீடான காமு வீட்டுக்குப் போனாள். ரயில்வே கார்டு மனைவி காமு ஹைஸ்கூலில் ஐந்தாவது பாரம் வரை படித்தவள்.

"இதை எங்கேடி பிடிச்சே?"

"அவரு பையில கெடந்திச்சும்மா. இன்னா எழுதிகீது?"

காமு ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். "'அவள் ஐந்தாவது மாடியில் தனியாக வசிக்கிறாள்.' அப்புறம், 'காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு போனால் ஏழு மணிக்குத்தான் திரும்புகிறாள்.' மூணாவது, 'இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவள் பெயர்கூடத் தெரியாது.' நாலாவது, 'ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கடற்கரையில் சந்திக்கிறார்கள்.'"

சரோஜா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்குடி. 'ஆமாம், அவள் சந்தோஷமாக இருக்கிறாள்.'"

சந்தோஷமாக இருக்கிறாளாம்! மாடும் சாணியுமாகக் காலை நாலு மணியிலிருந்து இவள் அல்லாடுகிறாள், அவள் ஐந்தாம் மாடியில் சந்தோஷமாக இருக்கிறாள்.

இப்படி நம்பர் போட்டு யாராவது ஒருத்தியைப் பற்றி எழுதி வைப்பானா என்று காமுவாவது யோசித்திருக்கலாம். யோசித்தால் கதை கையை விட்டுப் போய்விடும். பால் வாங்குகிற நேரத்தில் தினமுமா இப்படி ஒன்று கிடைக்கிறது? "நான் சொன்னேன்னு சொல்லிடாதே" என்று மட்டும் சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

செங்கல்பட்டில் ஐந்து மாடி ஏது? மெட்ராஸ்தான் என்று சரோஜா முடிவு கட்டிவிட்டாள். காகிதத்தைப் பழையபடி பையில் வைத்துவிட்டுப் புருஷனைக் கண்காணிக்க ஆரம்பித்தாள். புதுப் பேனா வாங்கியிருந்தான். முகம் மழிக்கும்போது உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சோற்றில் கை வைத்தபடி கூரையை வெறித்தான். முன்பெல்லாம் இதைப் பார்த்தால் அஜீரணம் என்று நினைத்திருப்பாள்.

சனிக்கிழமை சாப்பாடு போடும்போது தூண்டிலைப் போட்டாள்.

"ஏய்யா, அஞ்சு மாடி ஏறுனா காலு வலிக்காது?"

"இன்னாத்துக்கு ஏறணும்? அதான் லிப்ட் கீதே" என்றான் தர்மராஜ், நினைவு எங்கேயோ இருக்க. "பொட்டி மாதிரி. உள்ள போய் நின்னா தூக்கிகினு போவும்."

"நீ ஏறிகிறியா?"

அவன் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான். "கேள்விப்பட்டேன்."

இதற்கு மேல் அவளுக்கு என்ன சாட்சி வேண்டும்! மறுநாள் அவன் கிளம்பி முக்கால் தெரு தாண்டியதும் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனாள். மாவலிபுரம் பஸ் புகையை விட்டுக்கொண்டு நின்றது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் நடந்தான். மெட்ராஸ் ரயில்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அரிசி மண்டியின் பக்கச் சந்தில் நுழைந்து, மரப்படி ஏறி மேலே போனான்.

ஒரு மாடிதான். ஆனால் மாடி மாடிதானே. படியில் மூக்குப்பொடி வாசனை தூக்கியடித்தது. வழவழத்த மரப்படியை விரலால் பிடித்துப் பிடித்து ஏறினாள். உள்ளே ஒரு ஆண் குரல், "அவள் சந்தோஷமா இருக்கிறாளா? தர்மராஜ், எழுந்து சொல்லு" என்றது.

"இருக்கா சார்" என்றான் அவள் புருஷன்.

சரோஜா கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றாள். "யாருயா அவ?"

பெஞ்சுகளில் மீசை அரும்பாத பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர். கடைசி பெஞ்சில் முப்பத்திரண்டு வயது தர்மராஜ், கையில் நோட்டோடு நின்றுகொண்டிருந்தான். கரும்பலகை ஓரம் பொடி மட்டையும் கையுமாக டுடோரியல் வாத்தியார் கோதண்டராமன்.

"நீ யாரம்மா?"

"அந்தாளு பொஞ்சாதி. அஞ்சாம் மாடில ஒருத்திய வெச்சிகிறானே, அவ யாருன்னு கேளு."

பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. ஒரு அச்சடித்த தாளைத் தூக்கிக் காட்டினார். "இவளா? பட்டணத்து வாழ்க்கையைப் பத்தி ஒரு பாரா, அதுலே வர்றவம்மா. படிச்சுப் பார்த்துட்டுக் கீழே இருக்கிற கேள்விக்குப் பதில் எழுதணும். எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ். உன் வீட்டுக்காரர் ரெண்டு தரம் கோட்டை விட்டது இதுலேதான். தேறிட்டா குமாஸ்தா ஆகலாமே."

ரெண்டு தரம் என்பது பையன்களுக்கு அதுவரை தெரியாது. தர்மராஜ் நோட்டை மூடினான்.

"அப்ப அப்படி ஒருத்தியே இல்லியா?"

"கிடையவே கிடையாது."

சரோஜாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அத்தனை பேர் எதிரிலும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குப் புருஷன் திரும்பக் கிடைத்துவிட்டான். கிடைத்த சந்தோஷத்தில், பெஞ்சை விட்டு வெளியே வந்த மனுஷன் முகத்தைக் கவனிக்க மறந்துபோனாள்.

அவன் பத்தடி முன்னால் நடந்தான். அவள் ஓடி ஓடி எட்டிப் பிடித்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சி பூடும்?"

"போன தபா சொன்னனே. பெயிலுன்னதும் பால் ஊத்தற வூடு ஒண்ணு விடாம சொல்லிகினு வந்தது யாரு? ஆபீசுல ஹெட் கிளார்க் பொஞ்சாதி வரைக்கும் போச்சி."

வருத்தத்தில் சொன்னது, ஊருக்குச் சொன்னதில்லை என்று விளக்க வாயெடுத்தாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவன் சுவரோரம் உட்கார்ந்து, அந்தத் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, நோட்டைத் திறந்தான். மன்னிப்புக் கேட்கிற தோரணையில் அவளும் கிட்டப் போய் உட்கார்ந்தாள்.

"இன்னும் பாக்கி கீதா?"

"ஆறாவது கேள்வி. இதுக்குப் பதிலு பாராவுல இல்ல. 'இப்படிப்பட்ட நகரத்தில் வாழ உமக்கு விருப்பமா? காரணம் கூறுக.' நாமளே யோசிச்சி எழுதணும். ஒரு மாசமா ஒண்ணும் தோணல."

சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தான். இந்தத் தடவை கூரையைப் பார்க்கவில்லை, உதடு அசையவில்லை. பேனா நிற்காமல் ஓடியது. புருஷன் இங்கிலீஷில் இப்படி எழுதுவதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"இன்னா எழுதன?"

தர்மராஜ் தமிழில் சொன்னான். "'எனக்கு மிகவும் விருப்பம். அங்கே நான் எங்கே போகிறேன் என்று பின்னால் வந்து பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.'"

மாடு கத்தியது. சரோஜா எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் மாடிக்காரி பொய்யாகிப் போனாள், சரி. இது பொய்யில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"அந்தப் பதில்ல நான் எங்க கீறேன்யா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடினான். "நாலு வரிக்கு மேல எழுதக் கூடாதாம்."

சரோஜா நோட்டை எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத்தான் தெரியாது, எண்ணத் தெரியும். இரண்டு வரிதான் இருந்தது.