பன்னிரண்டு கரிக்கோடுகள்

"யப்பா, இவ்வளவு நீள நூலோட நுனிக்கு யாரு சோறு கொண்டு போவா?"

கல்லூரி ஆசிரியரான அப்பா தாணுமாலயன் வகுப்புக்காக வரைந்துகொண்டிருந்த நரம்பணுப் படத்தைப் பார்த்து, ஆறு வயதில் குழல்வாய்மொழி இப்படிக் கேட்டாள். வேண்டியதெல்லாம் பெரும்பாலும் அணுவின் நடுப்பகுதியில்தான் தயாராகிறது, உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் தண்டவாளம் மாதிரி, அவற்றின் வழியாகச் சரக்கு போய்ச் சேர்ந்தால்தான் நரம்பு நீளும் என்றார் அவர். "பாதையப் பேத்துட்டா?" என்றாள். அப்பா அதைப் படத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

எட்டு வருடம் கழித்து, 1984இல், அந்தக் கேள்விதான் அவருடைய ஆய்வேடு. தென்காசிப் பக்கத்து வேலிகளில் பூத்துக் கிடக்கும் கண்வலிக் கிழங்கிலிருந்து எடுக்கும் மருந்து, அந்த நுண்குழாய்களைக் குலைத்துவிடும். அடைவைத்த மூன்றாம் நாள் ஆறு கோழிமுட்டைகளில் அந்த மருந்தையும், ஆறில் வெறும் உப்புநீரையும் செலுத்தி, துளையை மெழுகால் அடைத்தார். எட்டாம் நாள் கருவின் நரம்புகளை ஒப்பிட வேண்டும். பென்சில் கோடு ஓட்டில் மங்கலாகத் தெரிந்ததால் மருந்து முட்டைகளுக்கு மட்டும் கரியால் கோடு போட்டார். ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. ஆடி முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும்.

மருந்து செலுத்திய அன்றே சாரலோடு காற்று வீசி மின்சாரம் போனது. மாலைவரை வரவில்லை. முட்டைகளுக்குச் சூடு கொடுக்கும் அடைபெட்டி ஆறத் தொடங்கியது. பெட்டியை அணைத்தபடி அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஆய்வகத்தைக் கூட்டும் முப்பிடாதி நின்றாள்.

"எங்க வீட்டுல கோழி ஒண்ணு அடை கெடக்கு சார். குடுங்க, கொண்டுபோயி வைக்கேன்."

"அதுக்கடியில உங்க முட்டை இருக்குமே?"

"ரெண்டு நாளு முட்டைதான். கொழம்பு வச்சிக்கிடுதோம். ஒங்க சோலியப் பாருங்க."

எட்டாம் நாள் காலை அச்சன்புதூரிலிருந்து முதல் பஸ்ஸில், கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றுகூட உடையவில்லை. வைக்கோலை விலக்கிய தாணுமாலயனின் கை அப்படியே நின்றது. பன்னிரண்டு முட்டையிலும் கரிக்கோடு.

"வேற கோழி ஊடால வந்து முட்டையிட்டுட்டுப் போயிரும்லா, அடைமுட்டை எதுன்னு தெரியாண்டாமா? நீங்க ஆறோட மறந்துட்டிய. மிச்சத்துக்கும் நானே போட்டுட்டேன்" என்று சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல நாள் தூக்கமில்லாத உடம்பு நாற்காலியைத்தான் தேடியது.

"நல்லா பாத்துக்கிட்டிய. ரொம்ப உபகாரம்" என்றார்.

"கோழிதான் வெறுங்கூடையிலயே கெடக்கு சார். வெரட்டுனாலும் எந்திரிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள்.

விஷயத்தைக் கேட்ட சக ஆசிரியர் நம்பிராஜன் வயிறு குலுங்கச் சிரித்தார். "இதுக்கா வே மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீரு? அறுத்துப் பாரும். நரம்பு குட்டையா இருந்தா மருந்து முட்டைன்னு எழுதும். எவன் கேக்கப் போறான்?"

"குட்டையாவுதான்னு பாக்கத்தான வே இந்தப் பாடு. அத வச்சே பேரெழுதிட்டா, பொறவு பாக்க என்ன இருக்கு?"

"அப்போ அந்தப் பொம்பள பண்ண கூத்துன்னு கடுதாசி எழுதி அவகாசம் கேளும்."

அவகாசம் கேட்டு எழுதினார். 'என் கவனக்குறைவால் அடையாளம் தவறியது' என்பதற்குமேல் அதில் காரணம் இல்லை. தபால்பெட்டியில் போட்டுவிட்டுக் காசிவிசுவநாதர் சந்நிதியில் சற்று நேரம் நின்றார். எதையும் கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை சுரண்டைச் சந்தையில் நாட்டுக்கோழி முட்டைகளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, அடைவைக்கத் தோதாகப் பன்னிரண்டு பொறுக்கினார். அச்சன்புதூர் போய்ச் சேர்ந்தபோது தெருவே நடவுக்குப் போயிருந்தது. முப்பிடாதி வீட்டுக் கதவில் நாதாங்கி போட்டிருந்தது. பின்புறத் தாழ்வாரத்துக் கூடையில் வெறும் வைக்கோலின்மேல் கண்ணை மூடிப் படுத்திருந்தது கோழி.

வேட்டியை மடித்துக்கொண்டு குந்தினார். முதல் முட்டையை நீட்டியதும் புறங்கையில் ஓங்கிக் கொத்தியது. ரத்தம் துளிர்த்தது. இரண்டாவதற்கும் கொத்தியது. மூன்றாவதற்குக் கொத்தாமல் உடம்பைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தது. இறகுக்கடியில் அவ்வளவு சூடு. பன்னிரண்டாவதை வைத்த பிறகும் கையை எடுக்க மனமில்லாமல் அவர் அப்படியே இருந்தார். கோழி அந்தக் கையையும் சேர்த்து மூடிக்கொண்டு மெல்ல அமர்ந்தது.