அறுபத்து நான்காம் எண் பிள்ளை

பள்ளி உளவியலாளர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள எனக்குப் பதினான்கு வருஷம் பிடித்தது. பி.எஸ்சி., எம்.எஸ்சி., எம்.ஃபில்., பிறகு அரசுப் பள்ளிகளில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் கவுன்சலர் வேலை, அதற்கு நடுவிலேயே எட்டு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த முனைவர் பட்டம். பிள்ளைகளின் மனசைப் படிக்கப் போனவளுக்குப் படிவங்களைப் பூர்த்திசெய்வதிலேயே பாதி ஆயுள் போயிற்று. ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த என் அப்பா தங்கையன், "எப்பம்மா முடியும்?" என்று கேட்பதையே ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார்.

ஒருவழியாக முடியப்போகிறது என்று வந்தது ஒரு ஜூலை மாத நாள். மறுநாள் காலை பத்தரை மணிக்கு என் பொது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்று துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதெல்லாம் பேச்சுக்குத்தான். கேட்கவேண்டிய கேள்வியை நாமே எழுதி நண்பர்களிடம் கொடுத்துவைப்போம். அவர்கள் அப்போதுதான் தோன்றியதுபோல எழுந்து கேட்பார்கள், நாம் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்துப் பதில் சொல்வோம். கேள்வியும் பதிலும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். தேர்வுக் குழுத் தலைவர் கையெழுத்திட்டுத் துறையின் சீல் வைப்பார். அப்புறம் எல்லாருக்கும் பருப்புவடையும் சாயாவும். எனக்காகக் கேள்வி கேட்க ஜூனியர் மாணவன் பிஜு ஒப்புக்கொண்டிருந்தான்.

பட்டம் கையில் வந்தால் மாதக் கடைசிக்குள் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்துவிடலாம். வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

அன்று மதியம் துறையில் ஆய்வேட்டின் பிரதிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வாசலில் நின்றாள். ஹோட்டல் அடுக்களையிலிருந்து நேரே வந்திருக்கிறாள், புடவையில் வெங்காய வாடை. பக்கத்தில் பதினாறு வயது மகள்.

"பொன்செல்வி மேடம் நீங்கதான? எம்பேரு பேச்சி. இந்தக் கையெழுத்து ஒங்களுதான்னு பாத்துச் சொல்லுங்க."

என்னுடையதுதான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய அறிக்கை. எண் 64. பெயர் முப்பிடாதி, ஒன்பதாம் வகுப்பு. நுண்ணறிவு எண் ஐம்பத்தெட்டு. லேசான அறிவுத்திறன் குறைபாடு. கீழே நான், எனக்கும் கீழே மேலொப்பமாக என் வழிகாட்டி பேராசிரியர் கிருஷ்ணகுமார்.

இது எப்படி நடந்தது என்பதைச் சொன்னால் உங்களுக்கும் கோபம் வரவேண்டும். ஆய்வுக்குப் பிள்ளைகள் வேண்டும். பிள்ளைகளைத் தர பள்ளிகள் கேட்கும் விலை, ஆளுக்கொரு அறிக்கை. மந்தம் என்று அறிக்கை இருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இன்னொருவர் உட்கார்ந்து எழுதித் தரலாம், சலுகை உண்டு, பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி கெடாது. எனக்கு எண்கள் கிடைத்தன, பள்ளிக்குச் சதவீதம் கிடைத்தது. நூற்றிருபது பிள்ளைகளை இப்படி அளந்தேன். அதில் முப்பத்தெட்டுப் பேர் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் தென்காசிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்தவர்களின் பிள்ளைகள். ஆய்வேட்டில் அவர்கள் அட்டவணை பதினான்கு.

அந்த முப்பத்தெட்டுப் பேரையும் மலையாளத்தில் பரிசோதித்தேன். ஊரைவிட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளைகளை! கையேட்டில் உள்ளதைத் தொடக்கூடாது என்றார் வழிகாட்டி. அதே பரிசோதனையின் தமிழ்ப் பதிப்பு துறை அலமாரியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அதைக் கேட்டால் நான் தமிழாள் என்பது வெளியே தெரியும். மூட்டை தூக்குகிறவன் மகள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. இதற்குமேல் இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முப்பிடாதியை எனக்கு ஞாபகமிருந்தது. மூன்றாவது கேள்வியில் அவள் என் முகத்தைப் பார்த்து, "அக்கா, தமிழ்ல சொல்லட்டா?" என்று கேட்டாள். என்னை எப்படியோ கண்டுகொண்டாள். நான், "மலையாளத்தில் பற மோளே" என்றேன். அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. நான் வரிசையாகச் சைபர் போட்டேன்.

"பத்துல இவளுக்கு வேற ஒருத்தி பரிச்ச எழுதுனா" என்றாள் பேச்சி. "இவ சொல்லதத்தான் அவ எழுதணும். ஆனா அவ தனக்குத் தோணினத எழுதிட்டுப் போயிட்டா. இப்பம் பிளஸ் ஒன்ல சயன்ஸ் கேட்டா, இந்தப் பேப்பரக் காட்டி, 'இவளெக்கொண்டு பற்றுல்லா', இவளால முடியாதுங்காவ. நர்சுக்குப் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. இது தப்புன்னு ஒங்க டிப்பார்ட்மென்ட்டு சீல் வச்சு எழுதிக் குடுத்தா சேத்துக்கிடுதேன்னு பிரின்சிப்பால் சொல்லிட்டாரு. நாளைக்கு நாலு மணிதான் கடைசி."

நான் அலமாரியைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தேன்.

ஒன்றரை மணி நேரம் தமிழில் கேட்டேன். வண்டியும் படகும் எந்த விதத்தில் ஒன்று என்றதும், "ரெண்டும் ஆளக் கொண்டுபோயிச் சேக்கும்" என்றாள். நிறுத்தி, "ரெண்டுலயும் எடம் பிடிக்கச் சண்டை போடணும்" என்று சேர்த்துக்கொண்டாள். கூட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றேழு. இன்னொரு தடவை கூட்டினேன். அதே தொண்ணூற்றேழுதான். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

பழைய அறிக்கையை ரத்துசெய்யும் கடிதத்தை அங்கேயே எழுதினேன். துறைத் தலைவரும் என் வழிகாட்டிதான், சீல் அவர் பையில் இருக்கும். கரமனைக்குப் பஸ் ஏறினேன்.

அக்ரஹாரத் தெருவில் அவர் வீடு. எட்டு வருஷத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்தவர், "எந்தா பொன்செல்வி, நாளெயல்லே வைவா?" என்று சிரித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "காப்பி ஆறறது, யாரு வந்திருக்கா?"

"ஸ்டூடன்ட்தான். இதோ வரேன்" என்றார் அவர், தமிழில்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் வீட்டில் தமிழ் என்பது எனக்கு ஒருவாறு தெரியும். என் வீட்டில் தமிழ் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எட்டு வருஷமாக இரண்டு தமிழர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து, தமிழ்ப் பிள்ளைகளுக்கு மந்தம் என்று மலையாளத்தில் முடிவுசெய்திருக்கிறோம்.

"சார், இதுல கையெழுத்துப் போட்டு சீல் வைங்க" என்று தமிழிலேயே சொன்னேன்.

கடிதத்தைப் படித்ததும் அவர் சிரிப்பு போயிற்று. குரலைத் தாழ்த்தினார். மலையாளத்தையும் விட்டுவிட்டார்.

"பொன்செல்வி, நான் சொல்றதக் கேளு. ஒரு ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கினா முப்பத்தெட்டையும் வாங்கணும். டேபிள் பதினாலு போயிடும். அது போனா தீசிஸ் போயிடும். நாளைக்கு டிகிரியை வாங்கிக்கோ. அப்புறம் நிதானமா இதையே ஒரு பேப்பரா எழுதலாம். நல்ல ஜர்னல்ல வரும்."

பேப்பர்! ஒரு தடவை அட்டவணையாக்கியது போதாதென்று இன்னொரு தடவையும் ஆக்கவேண்டுமாம்.

"நாளைக்கு நாலு மணியோட அந்தப் பொண்ணுக்கு அட்மிஷன் போயிடும் சார்."

"அடுத்த வருஷம் சேரட்டுமே. உன் பதினாலு வருஷத்தைப் பாரு."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். உண்மையாகவே என்மேல் அக்கறை வைத்துத்தான் சொன்னார். சிங்கியடித்துப் படித்தவள் கரையேறட்டும் என்று நினைத்தார். நான் கரையேற அந்தப் பெண் தண்ணீரில் கிடக்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம். கடிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடி பிஜுவுக்குப் போன் செய்து, அவன் கேட்கவேண்டிய கேள்வியை மாற்றிச் சொன்னேன்.

"சேச்சிக்கு எந்தா, பிராந்தாணோ?" என்று கத்தினான்.

"பைத்தியந்தான். கேப்பியா மாட்டியா?"

மறுநாள் கருத்தரங்க அறையில் இருபது பேர் இருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வுக் குழுத் தலைவர் டாக்டர் ரத்னாபாய் கண்ணாடியை இறக்கி ஏற்றிக்கொண்டு ஆய்வேட்டைப் புரட்டினார். கடைசி வரிசையில் பேச்சியும் முப்பிடாதியும். நான்தான் வரச்சொல்லியிருந்தேன். நாற்பது நிமிஷம் பேசினேன், அட்டவணைகளைக் காட்டினேன். எல்லாரும் வடையை நினைக்கத் தொடங்கிய நேரத்தில் தலைவர், பார்வையாளர்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா என்றார்.

பிஜு எழுந்தான். "அட்டவணை பதினான்கில் உள்ள முப்பத்தெட்டுப் பிள்ளைகளை எந்த மொழியில் பரிசோதித்தீர்கள்?"

கிருஷ்ணகுமார் சார் பாதி எழுந்துவிட்டார். "மேடம், அது ஸ்கோப்பில் வராத விஷயம்."

"கேட்டது சபையில். பதில் வரட்டும்" என்றார் ரத்னாபாய்.

"அவர்களுக்குத் தெரியாத மொழியில்" என்றேன். "பரிசோதித்த எனக்கு அவர்களுடைய மொழி தெரியும். தமிழ்ப் பதிப்பு துறையிலேயே இருந்தது. நான் பயன்படுத்தவில்லை. முப்பத்தெட்டு முடிவுகளும் செல்லாது. அறுபத்து நான்காம் எண் மாணவியை நேற்றுத் தமிழில் பரிசோதித்தேன். தொண்ணூற்றேழு வந்தது. அவளுக்கு எந்தக் குறைபாடும் இல்லை. அவளுக்கு நான் கொடுத்த அறிக்கையை ரத்துசெய்கிறேன். இந்தப் பதில் ஒரு வார்த்தை விடாமல் நடவடிக்கைக் குறிப்பில் ஏறவேண்டும்."

ரத்னாபாய் ஆய்வேட்டை மூடிவைத்தார்.

"இதன் விளைவு தெரியும்தானே?"

"தெரியும்."

"நேற்றைய மதிப்பெண் தாளைக் கொடுங்கள்." வாங்கிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். நான் சொன்னதை எனக்கே ஒருமுறை வாசித்துக் காட்டினார். அதற்குக் கீழே, 'ஆய்வேடு திருத்தப்பட்டு மீண்டும் சமர்ப்பிக்கப்பட வேண்டும், பட்டம் பரிந்துரைக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். சீலுக்காகக் கையை நீட்டினார். கிருஷ்ணகுமார் சார் என் பக்கம் திரும்பவேயில்லை. சபை பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரால் மறுக்கவும் முடியவில்லை. சீலைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். ரத்னாபாய் அதை எடுத்துக் குத்தினார்.

ஆர்ஷா என்ற அலுவலகப் பெண் குறிப்பை இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தாள். ஒன்றைப் பேச்சியிடம் நீட்டினேன். மணி பன்னிரண்டே முக்கால். அவள் தாளை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, சீலைத் தானே தடவிப் பார்த்தாள்.

"அப்பம் ஒங்களுக்கு டாக்டர் பட்டம்?"

"இல்லை. திருத்தி எழுத ஒரு வருஷமாவது ஆகும். அதுக்குள்ள வேலைக்கு வயசு போயிடும்."

அவள் நன்றி சொல்லவில்லை. "எம்புள்ளைக்கு ரெண்டு வருசம் போச்சு" என்றாள். "ஒங்களுக்கு ஒண்ணு போவட்டும்."

சுருக்கென்றது. ஆனால் அந்த இரண்டு நாளில் என்னிடம் நியாயமாகப் பேசியவள் அவள் ஒருத்திதான்.

"மத்த முப்பத்தேழு புள்ளைய எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது. ரகசியம் காக்க வேண்டும் என்று பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு எண்களை மட்டும் வைத்திருந்தேன். பெயர்ப் பட்டியல் வழிகாட்டியின் அலமாரியில், அவருடைய பூட்டுக்குள். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள் முப்பிடாதி. "நாங்கள்லாம் ஒரே லைன் வீடு, ஒரே பஸ்ஸு. பாதிப் பேரச் சொல்லிருவேன். எழுதுங்க."

ஆய்வேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, என் பெயருக்குப் பின்புறம் எழுத ஆரம்பித்தேன்.

"திரவியம். பள்ளிக்கூடத்த விட்டாச்சு, கம்பி கெட்டப் போறான். மகேஷ்குமார், இங்கதான் ஹோட்டல்ல தட்டு எடுக்கான். சபீனா, ஊருக்கே திரும்பிப் போயிட்டாவ, போன் நம்பர் இருக்கு. தங்கையன்..."

என் அப்பாவின் பெயர். என் பேனா நின்றது.

"அழுவாதீங்கக்கா, எழுதுங்க" என்றாள் அவள். "நாலு மணிக்குள்ள நான் போவணும்."