படிக்கிறவன் அழவேண்டிய கடிதம்

நிலக்கரி மின்நிலையத்தை மூடச் சொல்லி மத்திய அரசு எங்கள் மாநிலத்துக்கு ஒன்பது கடிதம் அனுப்பியது. மாட்டோம் என்று ஒன்பது பதில் போனது. பதில்களை எழுதியவன் நான். கடிதங்களை எழுதியவள் என் மனைவி. இதே ஊரில் உள்ள மத்திய சுற்றுச்சூழல் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. இரண்டு அரசாங்கமும் ஒரே பற்பசையைத்தான் பிதுக்கிக்கொண்டிருந்தன. வீட்டில் அலுவலகப் பேச்சு கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம்.

இந்த மண்ணில் பிறந்தவள் அவள். நான் கல்யாணம் கட்டிக்கொண்டு வந்து இறங்கியவன். இருபது வருடமாகியும் வெளியாள்தான்.

பத்தாவது கடிதமும் வந்தது. செயலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"என்னய்யா எழுதுற? 'மேற்கண்ட பொருள் தொடர்பாக'ன்னு ஆரம்பிச்சா எவன் பயப்படுவான்? மண்வாசனையே இல்ல. படிக்கிறவன் அழணும்ங்கறார் முதல்வர். வெளி மாநிலத்து ஆளுங்களை அவங்கவங்க ஊருக்கே அனுப்பப் பட்டியல் தயாராகுது. முதல் பேரு உன்னோடது. நாளைக்குக் காலைல கடிதம் வரணும்."

பிறந்த ஊரில் இப்போது என்னை யாருக்குத் தெரியும்?

இந்த மண்ணைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. வேறு வழியில்லாமல், சாயங்காலம் என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் போய் நின்றேன்.

"நீ மின்நிலையத்துக்குப் பக்கத்துலதானே வளர்ந்த? எப்படி இருக்கும், சொல்லேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

அவள் நம்பவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"ஜன்னல்ல விரலால பேரெழுதுவோம், அவ்வளவு சாம்பல். வெள்ளைச் சட்டையை உதறித்தான் மாட்டணும். முதல் மழைக்குத் தண்ணி கறுப்பா ஓடும், அதுல கப்பல் விடுவோம். அப்பா ஷிஃப்ட் முடிச்சு வந்தா தெருமுனையிலேயே இருமல் கேட்கும். அதைக் கேட்டுட்டுத்தான் அம்மா அடுப்பைப் பத்தவைப்பா. ஒருநாள் இருமல் கேட்கல. அம்மா அடுப்பைப் பத்தவைக்கவே இல்ல."

இஸ்திரிப் பெட்டி சட்டைமேலேயே நின்றுவிட்டது. இருந்த ஒரே நல்ல சட்டை போயிற்று. நான் காகிதம் எடுக்கப் போனேன்.

அவள் சொன்னதை ஒரு வரி மாற்றாமல் எழுதினேன். மேலே 'எங்கள் மண்' என்றும் கீழே 'பணிய மாட்டோம்' என்றும் போட்டேன். காலையில் செயலாளர் மூக்கைச் சிந்தினார். முதல்வர் மூன்று வரி கேட்டதுமே கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாராம். கடிதம் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அடியிலிருந்து நுனிவரை அது நிலையத்தை மூடுங்கள் என்று கெஞ்சும் கடிதம்.

நாலாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் அரசு தெரிவித்துள்ள துயரத்தை மத்திய அரசு முழுமையாக ஏற்கிறது. நிலையம் இம்மாதமே மூடப்படும். தொழிலாளர் அனைவருக்கும் காற்றாலையில் வேலை வழங்கப்படும்.' அந்த நடை எனக்குத் தெரியும். என்னைக் கடைக்கு அனுப்பும் சீட்டும் அதே நடையில்தான் இருக்கும்.

மேசை இழுப்பறையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எந்த முதல்வர் சொல்வார்? மறுநாள் பகலிலேயே மேடை போட்டு, "நம்ம கடிதத்துக்கு மத்திய அரசு அடிபணிஞ்சிடுச்சு!" என்று முழங்கினார். என்னை மேலே இழுத்துக் கட்டிப்பிடித்தார்.

"இந்த மண்ணுல பொறந்தவங்களாலதான் இப்படி எழுத முடியும்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. பட்டியலிலிருந்து என் பெயரை அங்கேயே செயலாளர் அடித்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"மண்ணுல பொறந்தவங்கன்னு சரியாத்தானே சொல்லியிருக்கார்" என்றாள். "எங்கப்பா எப்படிச் செத்தார்னு இருபது வருஷத்துல நீங்க ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. இப்பக் கேட்டதும் கவர்மெண்டுக்காக."

என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.