விருந்தாளி வேகம்

ஒன்பது வருஷம்! வருஷத்துக்கு ஒரு தடவை ஆஸ்திரேலியாவின் ரோமா ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் செம்மண் புழுதியில் வண்டி ஓட்டி வந்து, இந்த எரிவாயு நிலையத்தின் கம்ப்ரசர் கொட்டகைக்குள் நுழைந்து, குழாய் குழாயாக அதிர்வை அளந்து, 'இன்னும் இருபது வருஷம் தாங்கும்' என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்திருக்கிறாள் கெரின். அத்தனையும் குப்பை என்பது இன்று காலையில்தான் தெரிந்தது. அதுவும் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் நெவில் வாயால்.

"உள்ள போறியாமா? கொஞ்சம் இரு, மிஷின் வேகத்தைக் குறைச்சிட்டு வரேன்."

"எதுக்கு?"

"வெளியாளு உள்ள இருந்தா நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்துலேர்ந்து எண்ணூறுக்கு இறக்கணும்ல. விதி. உனக்கு எப்பவும் அப்படித்தானே செய்யறோம்."

"யோவ் நெவில்! ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?"

"நீ கேக்கலையேமா."

கெரின் தலையில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொரு குழாய்க்கும் தாறுமாறாக ஆடுகிற வேகம் என்று ஒன்று உண்டு. எண்ணூறில் சாதுவாக இருப்பது ஆயிரத்தில் பேயாட்டம் ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரும்பின் ஆயுள் துளித் துளியாகக் குறையும். இவள் அளந்ததெல்லாம் விருந்தாளிக்காக அடங்கி உட்கார்ந்திருந்த குழாயை!

அளக்கும் கருவிகளை ஒட்டிவிட்டு வெளியே வந்து, வேகத்தை ஆயிரத்துக்கு ஏற்றச் சொன்னாள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து மூன்று முறை கணக்குப் போட்டாள். பெரிய குழாய்கள் தப்பித்தன. அழுத்தமானியைத் தாங்கி நிற்கும் விரல் தடிமன் குழாய்தான் விவகாரம். கணக்குப்படி, அதன் அடிப் பற்றவைப்பு மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே விரிசல் விட்டிருக்க வேண்டும்.

நிலைய மேலாளர் வார்விக் சிரித்தான். "விடலையே? அப்ப உன் கணக்குதான் தப்பு. ஒன்பது வருஷமா ஆடுது, ஒண்ணும் ஆகலே."

"தினம் பத்து பீர் குடிக்கிறவன் இன்னும் சாகலேன்னா, அவன் ஈரல் கல்லு மாதிரி இருக்குன்னு அர்த்தமா வார்விக்?"

"வியாழக்கிழமை பராமரிப்புக்காக எப்படியும் மிஷினை நிறுத்தப்போறோம். நாலே நாள். அதுவரைக்கும் வெளியாள் யாரையும் உள்ள விடலே, போதுமா?"

"உள்ளாளு? நெவில் தினம் காலையில போறாரே, அவருக்கு வேகத்தைக் குறைப்பீங்களா?"

"அவருக்கு எதுக்கு? அவர் என்ன விருந்தாளியா?"

வாசலில் நின்ற நெவிலுக்கு ஒரே சிரிப்பு. "எனக்குப் பழக்கம்மா. அழுத்தமானி முள்ளு சும்மா ஆடிக்கிட்டே இருக்கும், படிக்க முடியாது. அந்தச் சின்னக் குழாயை இப்படி அழுத்திப் பிடிச்சாத்தான் நிக்கும்." கையை முன்னால் நீட்டி, முகத்தையும் கிட்டக் கொண்டுபோய்ச் செய்தே காட்டினார்.

வார்விக்கின் சிரிப்பு நின்றது. ஆனாலும் மனுஷன் திருந்தவில்லை. "சரி நெவில், வியாழன் வரைக்கும் பிடிக்காதீங்க," என்றான்.

கெரினுக்கு வந்ததே ஆத்திரம்! 'ஆபத்தென்றால் யாரும் நிறுத்தலாம்' என்று அவன் தலைக்கு மேலேயே அறிவிப்பு தொங்கியது. "விதின்னா விதிதானே!" என்று எழுந்து சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். வார்விக் கத்தினான். கத்தட்டும்.

மிஷின் நின்றது; குழாய்களில் இருந்த வாயுவை வெளியேற்றினார்கள். பிறகு மூவரும் உள்ளே போனார்கள். கெரின் பற்றவைப்பின்மேல் விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளை மருந்தை அடித்தாள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குள்ளிருந்து சிவப்புக் கோடு கசிந்தது. குழாயைச் சுற்றி ஓடிய கோடு, ஒரு விரற்கடை மிச்சம் வைத்துத்தான் நின்றது. வார்விக் தொப்பியைக் கழற்றினான்.

நெவில் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு உன் பெட்டியைத் தூக்க வந்துட்டேன். இல்லேன்னா காலையிலயே பிடிச்சிருப்பேன்மா."

திட்டத்தான் வாயைத் திறந்தாள் கெரின். அழுகைதான் வந்தது. "பிடிக்கலாம்னு ஒன்பது வருஷமா எழுதிக் கொடுத்தவ நான்தான்யா!"