பால் பூசிய பெட்டி

இது நடந்தது எழுபத்தெட்டிலா எழுபத்தொன்பதிலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஸ்டானிஸ்லாஸ் எழுபத்தெட்டு என்பான். அவன் மனைவி கெர்ட்ரூட் அதற்கு அடுத்த வருஷம் என்பாள். பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோன சனிக்கிழமை மழை கொட்டியதாக அவன் சொல்வான். "நான் துணி காயப்போட்டிருந்தேன், நல்ல வெயில்," என்பாள் அவள். இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டதை நானாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். சேர்த்த இடத்தில் எதையாவது தப்பாக ஒட்டியிருக்கலாம். இருவரும் முரண்பட்ட இடங்களில் கெர்ட்ரூட் சொன்னதையே எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கதை முடிவதற்குள் தெரிந்துவிடும்.

ஸ்டானிஸ்லாஸ் மலேசியாவில், ஈப்போ பழைய டவுனில், தேனப்பன் செட்டியாரின் ரேடியோ கடையில் பதினொரு வருஷமாக ரிப்பேர் வேலை பார்த்துவந்தான். கடையின் முன்பக்கம் கண்ணாடி அலமாரியில் ஜப்பான் சாமான்கள். பின்பக்கம் அவன் மேசை. காலையில் ஒரு தலையாட்டலோடு உள்ளே வருவான், மாலையில் இன்னொரு தலையாட்டலோடு போவான். இடையில் அவன் என்ன பேசினான் என்று கேட்டால், பக்கத்திலேயே நின்று வியாபாரம் பார்த்த ஜெயபாலனுக்குக்கூட எதுவும் நினைவிருக்காது.

அந்த வருஷம் புத்தக அலமாரியில் வைக்கிற அளவில் சின்ன ஸ்பீக்கர் பெட்டிகள் வந்து இறங்கின. அவற்றில் ஒன்று மூலை நசுங்கியிருந்தது. அதைப் பிரித்துப் பார்க்கும் வேலை ஸ்டானிஸ்லாஸிடம் வந்தது. உள்ளே, தூளை அழுத்திச் செய்த பலகை, கொஞ்சம் பஞ்சு, பெரியது ஒன்றும் சிறியது ஒன்றுமாக இரண்டு ஸ்பீக்கர்கள், நடுவில் செம்புக்கம்பி சுற்றிய ஒரு சுருள். அவ்வளவுதான். அவன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து முன்பக்கம் வந்தான்.

"மொதலாளி, இத நானே செய்வேன்."

தேனப்பன் செய்தித்தாளை இறக்கினார். "செஞ்சு?"

"ஒங்க அலமாரியில வைக்கணும். என் பேரு போட்டு."

ஜெயபாலன் கைதட்டிவிட்டான். "ஏன் மச்சான், நீ வாயத் தொறக்குறதே வருஷத்துக்கு ஒரு வாட்டி. தொறந்தா கடையவே எழுதிக் கேக்குறியே லா!"

தேனப்பன் சிரிக்கவில்லை. நசுங்கிய பெட்டியை ஒருமுறை பார்த்தார், ஸ்டானிஸ்லாஸை ஒருமுறை பார்த்தார். "டிசம்பர் மொத சனிக்கெழம கொண்டா. நான் செவுத்தப் பாத்து ஒக்காந்துக்கிறேன். இவன் ஜப்பானையும் ஒன்னோடதையும் மாத்தி மாத்திப் போடட்டும். ஒன்னுது நல்லாருந்தா அலமாரி. இல்லேன்னா இந்தப் பேச்சையே விட்டுட்டு மேசைக்குப் போயிடணும். ஒரு தடவதான் கேப்பேன்."

ஸ்டானிஸ்லாஸ் தலையாட்டினான். அவனுக்கு முப்பத்து நான்கு வயது. பதினொரு வருஷத்தில் ஆயிரக்கணக்கான பெட்டிகளைப் பிரித்து மூடியிருந்தான். ஒன்றுகூட அவன் செய்ததில்லை. அலமாரி கிடைக்காவிட்டால் சாகும்வரை இப்படியேதான் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வீடு ஈப்போ ஊரோரம், புந்தோங்கில். வீட்டின் பின்னறையில் வேலை தொடங்கியது. பலகைக்கு மரப்பட்டறையில் சிவந்த மெராந்தி மரம் வாங்கினான். அறுத்து, இழைத்து, மூலைகளில் பல் வெட்டிப் பொருத்தினான். உள்ளே அடைக்கப் பஞ்சு வேண்டியிருந்தது. கெர்ட்ரூட் கான்வென்ட் விடுதிச் சமையல் வேலையிலிருந்து திரும்பியபோது கட்டிலில் ஒரு தலையணை குறைந்திருந்தது.

"என்னங்க, ஒங்க பொட்டிக்குத் தலகாணி வேணும்னா அதையே கட்டில்ல படுக்க வையுங்க. நான் கீழ படுத்துக்கிறேன்."

அவன் சிரித்ததாகத்தான் ஞாபகம் என்கிறாள். பேசவில்லை.

வாங்கிவந்த ஸ்பீக்கர்களை மாட்டிப் பாட்டுப் போட்டுப் பார்த்ததில் அடித்தொனி வரவில்லை. கோயிலில் கொடுத்த மெழுகுவர்த்தி ஒன்றைக் கொளுத்தி மூலையருகே பிடித்துக்கொண்டு, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை விரலால் மெல்ல அழுத்தினான். சுடர் ஆடியது. இன்னொரு மூலை, அங்கும் ஆடியது. எங்கெல்லாம் ஆடியதோ அங்கெல்லாம் காற்று கசிகிறது. காற்று கசிந்தால் தவில் ஒலி தகரம் தட்டியதுபோலத்தான் வரும்.

இதற்கு என்ன செய்வது என்று அவன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவன் பிறந்தது செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பந்து ஓட்டையானாலும் பால், காலில் போடும் சப்பாத்து வாயைப் பிளந்தாலும் பால். கெர்ட்ரூட்டின் தம்பி லூர்துசாமி அந்தத் தோட்டத்தில் இன்னும் பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். சொல்லியனுப்பியதும் இரண்டு போத்தல் கொண்டுவந்தான்.

"மச்சான், இது மருந்து போட்ட பாலு. அப்பதான் கட்டியாகாம நிக்கும். மூக்கப் பொத்திக்கிட்டுத் தொறங்க. கண்ணுலேந்து தண்ணி வரும்."

மருந்து என்பது அமோனியா. ஸ்டானிஸ்லாஸ் இரண்டு பெட்டிகளின் உள்பக்கம் முழுவதும் மூன்று பூச்சுப் பூசினான். கம்பிச் சுருள் அதிராமல் நிற்க அதன்மேலும் ஊற்றினான். பின்பக்கம் கம்பி மாட்டுகிற பித்தளைத் திருகுகளைச் சுற்றியும் தாராளமாகத் தடவினான்.

கெர்ட்ரூட் வாசலில் வந்து நின்றாள். "பாலு வாட வருதே. மருந்து போட்டதா?"

"ம்."

"எதுக்கு?"

"இடுக்கு அடைக்க."

"பலகைக்கு மட்டுந்தானே?"

அவன் உதடுகளுக்கு நடுவில் இரண்டு திருகாணிகள் இருந்தன. பதில் சொல்ல அவற்றை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உலையில் அரிசி போடப் போய்விட்டாள்.

பெட்டிகளை மூடினான். மெழுகுவர்த்திச் சுடர் எந்த மூலையிலும் அசையவில்லை. பிறகு மெருகு வேலை. மணல்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, மறுபடியும் தேய்த்தான். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் முடிந்து, சின்னச் சின்ன வட்டமாக இழுத்தான். நவம்பர் மழை. ஈரக்காற்று பட்டதும் அரக்கு வெளுத்துப் புகை படிந்ததுபோல் ஆகிவிட்டது. சுரண்டினான். மறுபடி பூசினான், மறுபடி வெளுத்தது. மூன்றாவது தடவை அறையின் சன்னலை அடைத்து, கரியடுப்பை வைத்து, வியர்வை சொட்டச் சொட்டப் பூசினான். அந்தத் தடவை மரத்தின் சிவப்பு உள்ளிருந்து எழுந்து வந்தது. அதில் தன் முகம் தெரிகிறதா என்று கெர்ட்ரூட் குனிந்து பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாளாம்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை. மோட்டார் சைக்கிளின் பின்னால் டியூப் வாரால் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனான். தேனப்பன் சொன்னபடியே நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். ஜெயபாலன் ஒரு நாதஸ்வரக் கேசட்டைப் போட்டான். முதலில் ஒன்று, பிறகு மற்றது. எது எது என்று அவன் சொல்லவில்லை.

"ரெண்டாவது," என்றார் தேனப்பன். அது ஸ்டானிஸ்லாஸினுடையது.

ஜெயபாலன் வரிசையை மாற்றிப்போட்டான். "இந்த வாட்டி மொதல்ல வந்தது," என்றார். அதுவும் அவனுடையதுதான். ஜெயபாலனின் முகத்தில் சிரிப்புப் போய் வேறு ஏதோ வந்தது. தேனப்பன் கையை உயர்த்தி, "அதையே வையி, முழுசாக் கேக்குறேன்," என்றார்.

தவில் ஏறிக்கொண்டிருந்தது. இடது பெட்டியில் ஒரு கரகரப்பு. பிறகு ஒரு துண்டு ஒலி, ஒரு துண்டு அமைதி. பிறகு இடது பெட்டி முழுதாக நின்றுவிட்டது. வலது பெட்டி மட்டும் தனியாகப் பாடியது.

"மச்சான், ஒன்னு தூங்கிருச்சு லா," என்றான் ஜெயபாலன். "உள்ள பஞ்சு மெத்த போட்டா வேற என்ன செய்யும்?"

தேனப்பன் திரும்பி உட்கார்ந்தார். "சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு ஸ்டானிஸ்லாஸ். நான் இல்லேங்கல. ஆனா பாதியில நிக்கிற சாமான வித்துட்டு, வாங்குனவன் மொகத்துல எப்படி முழிப்பேன்? விடு. மேசையில நாலு ரேடியோ கெடக்கு."

ஸ்டானிஸ்லாஸ் நான்கு ரேடியோக்களையும் ரிப்பேர் செய்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

பின்னறையில் இடது பெட்டியைத் திறந்ததும் அமோனியா முகத்தில் அறைந்தது. மூன்று வாரமாகியும் போகவில்லை. எப்படிப் போகும்? காற்று ஒரு துளிகூடக் கசியாதபடி அவனே அல்லவா அடைத்திருந்தான். காகிதக் கூம்புக்குப் போகும் மெல்லிய செம்புப் பின்னல் பச்சைப் பொடியாக உதிர்ந்திருந்தது. பித்தளைத் திருகுகள் நீலம் பாரித்திருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த ரப்பர் இளகி வெல்லப்பாகுபோல் விரலில் ஒட்டியது.

கெர்ட்ரூட் வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் நெற்றியில் கைவைத்தாள்.

"செம்புமேலயா ஊத்துனீங்க?"

அவன் அவளைப் பார்த்தான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி தோட்டத்துல பால் சேக்குற ஸ்டோர்ல பதினோரு வருஷம் இருந்தேன். பித்தள வளையல் போட்டுக்கிட்டு எந்தப் பொம்பளையும் உள்ள போக முடியாது. வாசல்லயே ஒரு பலகையில ஆணி அடிச்சிருக்கும், அதுல மாட்டிட்டுத்தான் போகணும். தாயத்து, செப்புக்காசு, எல்லாத்தையும் மேல்பார்வை பாக்குற மண்டோர் தடவிப் பாப்பாரு. செம்பு பட்டா ரப்பர் செத்துரும். மருந்து பட்டா செம்பு செத்துரும். எங்கம்மா கழுத்துல கெடந்த செப்பு மாதா பதக்கம் பச்சையாப் போனது அப்படித்தான்."

அவன் தோட்டத்தில் பிறந்தவன்தான். ஆனால் பன்னிரண்டு வயதில் மிஷன் பள்ளி விடுதிக்கு வந்துவிட்டான். பாலால் எதையெல்லாம் ஒட்டலாம் என்று அவனுக்குத் தெரியும். அது எதைத் தின்னும் என்று ஸ்டோருக்குள் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

"ஏன் சொல்லல?" என்றான்.

"கேட்டேனே. பலகைக்கு மட்டுந்தானேன்னு கேட்டேன். வாயில ஆணிய வச்சிக்கிட்டு நின்னீங்க."

அதற்குப் பிறகு இருவரும் எவ்வளவு நேரம் அங்கே பேசாமல் நின்றார்கள் என்பதில் மட்டும் இருவர் கணக்கும் ஒத்துப்போகிறது: வெகுநேரம். அந்த அமைதியில்தான் அவனுக்கு முதல்தடவையாக வெட்கம் வந்ததாம். பெட்டி நின்றுபோனதற்கல்ல, அவள் கேட்டபோது வாயைத் திறக்காததற்கு.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றினான். ரப்பர் முழுவதையும் உளியால் சுரண்டி எடுத்தான். செம்பு படாத இடத்தில் தோல்போல உரிந்து வந்தது; பட்ட இடத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பெட்டிகளை வாய் திறந்தபடி வெயிலில் வைத்தான். மாலையில் கெர்ட்ரூட் பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தாள்.

"இன்னும் இருக்கு."

திங்கள்: "இருக்கு." செவ்வாய்: "லேசா." புதன்கிழமை நன்றாக மூச்சை இழுத்துவிட்டு, "இப்ப மரம் மட்டுந்தான்," என்றாள்.

செம்புப் பின்னல்களையும் பித்தளைத் திருகுகளையும் புதிதாக மாற்றினான். இந்தத் தடவை மரக்கோந்தில் இழைத்த தூளைக் குழைத்து இடுக்குகளை அடைத்தான். ஒவ்வொன்றையும் தொடும்போது வாய்விட்டுச் சொன்னான். இது செம்பு. இது பித்தளை. இது ஈயம் வைத்த இடம். அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டாள். அவன் பேச, அவள் ம் போட. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அது தலைகீழாக நடந்தது அன்றுதான் என்கிறாள்.

சனிக்கிழமை பெட்டிகள் மறுபடியும் கடைக்கு வந்தன. தேனப்பன் முகம் இறுகியது. "ஒரு தடவதான்னு சொன்னேன்ல?"

"நீங்க கேக்க வேணாம் மொதலாளி," என்றான் ஸ்டானிஸ்லாஸ். பிறகு அந்தக் கடையில் யாரும் அவனிடம் கேட்டிராத அளவு நீளமாகப் பேசினான். பாலை எங்கே ஊற்றினான், அது எதைத் தின்றது, அதைத் தன் மனைவி எப்படிக் கண்டுபிடித்தாள், இப்போது என்ன மாற்றியிருக்கிறது, எல்லாம். கடையில் நின்ற ஒரு வாடிக்கையாளர் பாட்டரி வாங்க வந்ததை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பாதியில நின்னுடும்னுதானே சொன்னீங்க," என்று முடித்தான் ஸ்டானிஸ்லாஸ். "கட தொறந்ததுலேந்து அடைக்கிற வரைக்கும் பாடட்டும். கிறிஸ்மஸ் வரைக்கும். ஒரு நாள் நின்னாலும் நானே ஒடச்சு அடுப்புல போடுறேன்."

தேனப்பன் தாடையைத் தடவினார். "ஜெயபாலா, அதுல கேசட்டப் போடு."

"அதுவரைக்கும் நாள் பூரா நானா கேக்கணும்? பெரிய தொல்ல, சுசா லா மொதலாளி!"

பாடியது. நாதஸ்வரம், வீணை, மலாய்ப் பாட்டு, சீனப் பாட்டு, செய்தி, வானிலை. வாசலில் நின்று கேட்டவர்கள் உள்ளே வந்தார்கள். ஒன்பதாம் நாள் பிற்பகல் திடீரென்று எல்லாம் நின்றது. ஜெயபாலன், "போச்சு! போச்சு!" என்று கத்தினான். ஸ்டானிஸ்லாஸ் மேசையிலிருந்து எழுந்து வந்தான். தேனப்பன் மட்டும் மேலே பார்த்தார். மின்விசிறியும் நின்றிருந்தது. தெரு முழுவதும் கரண்டு போயிருந்தது. பத்து நிமிஷத்தில் வந்தது. விசிறி சுற்றுவதற்கு முன்பே பெட்டிகள் பாட ஆரம்பித்தன.

"பாரு, என்னையே பயங்காட்டிருச்சு," என்றான் ஜெயபாலன். அதற்குப் பிறகு வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பெட்டிகளைக் காட்டிப் பெருமையடித்தவன் அவன்தான்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் தேனப்பன் கண்ணாடி அலமாரியில் ஒரு ஜப்பான் ஜோடியை நகர்த்தி இடம் செய்தார். ஒரு வெள்ளை அட்டையையும் பேனாவையும் ஸ்டானிஸ்லாஸிடம் நீட்டினார். அவன் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு, பெட்டிகளுக்கு நடுவில் நிறுத்தினார். அட்டையில் இருந்தது: ஸ்டானிஸ்லாஸ் – கெர்ட்ரூட், புந்தோங்.

அந்த முதல் ஜோடியைத் தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியர் வாங்கிப்போனார். ஸ்டானிஸ்லாஸ் எண்பத்தேழு வரை முப்பத்தொரு ஜோடி செய்தான். கெர்ட்ரூட் முகர்ந்து பார்க்காமல் ஒன்றையும் மூடவில்லை. எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்த பிளாஸ்டிக் செட்டுகள் வந்த பிறகு கேட்க ஆளில்லாமல் நிறுத்திவிட்டான். இப்போதும் அதே கடையில் ரிப்பேர் மேசையில்தான் இருக்கிறான். தேனப்பன் கடையை மகன் முத்துராமனிடம் விட்டுவிட்டுத் தமிழ்நாட்டுச் சொந்த ஊருக்குப் போனார்; அங்கேயே காலமானார். ஜெயபாலன் சிங்கப்பூரில் இருக்கிறான். தோட்டம் விற்கப்பட்டது, லூர்துசாமி சிலிம் ரிவரில், பாமாயில் எடுக்கும் செம்பனைக் காய் லாரி ஓட்டுகிறான். கெர்ட்ரூட் கான்வென்ட் வேலையை விட்டுவிட்டாள், முழங்கால் வலி.