எதிர்வீட்டோடு சேர்த்து விற்ற வீடு

அந்த ஊரில் பாதிப் பேர் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். மீதிப் பேர் பஸ் டிப்போவை நம்பிப் பிழைத்தார்கள். இரண்டு பக்கத்துச் சம்பளத்தையும் ஒன்றாகக் கொட்டிக் குலுக்கினாலும் ஒரு வீடு தேறாத விலையில், ஊரின் நட்ட நடுவே அடுக்குமாடிக் கட்டடங்கள் நான்கு எழுந்து நின்றன. தரையெல்லாம் பளிங்கு. குளியலறை ஒவ்வொன்றும் டிப்போ மேலாளரின் அறையைவிடப் பெரிது. இதையெல்லாம் யார் வாங்கப்போகிறார்கள் என்று கட்டும்போது யாரும் கேட்கவில்லை. கட்டி முடித்தபிறகு ஊரே கேட்டது. பதில் சொல்ல வேண்டிய தலையெழுத்து விற்பனை மேலாளருக்கு வாய்த்தது.

அவர் இளைஞர். எந்த வெயிலிலும் கழுத்தில் டை கட்டியிருப்பார் என்பதால் ஊர் அவருக்கு ‘டை’ என்றே பெயர் வைத்துவிட்டது. ஒரு வீடும் விற்காத கவலையில் அந்த டை நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

டிப்போவுக்கு எதிரே தையல்கடை வைத்திருந்தவளுக்கு இந்தக் கட்டடங்களால் ஒரு நல்லது நடந்தது. வெறும் ஜன்னலைப் பார்த்தால் வருகிறவர்கள் மிரளுகிறார்கள், எல்லா ஜன்னலுக்கும் திரை மாட்டுங்கள் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. அத்தனை திரையும் அவள் தைத்தவை. தைத்துத் தைத்து அவள் கட்டைவிரல் மரத்துப்போனது. திரை மாட்டிய பிறகும் ஒருவரும் வரவில்லை.

ஒருநாள் டை அவள் கடைக்குள் வந்து, அளவெடுக்கும் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை வெளியூர்லேருந்து ஒரு வேன் நிறைய ஆளுங்க வீடு பார்க்க வர்றாங்க. கட்டடம் காலியா இருக்கறதப் பார்த்தா அப்படியே திரும்பி ஓடிடுவாங்க. நீங்க குடும்பத்தோட ஒரு வீட்டுல வந்து உட்காரணும்.”

“உட்கார்ந்து?”

“சும்மா உட்காரணும். குடியிருக்கற மாதிரி. ஒருநாள் கூலி தந்துடறேன்.”

“எங்க வீட்டுல நாங்க அதத்தான் பண்றோம். அதுக்கு யாரும் எங்களக் கூப்பிட்டதில்லையே?” என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். ஆனால் ஒத்துக்கொண்டாள். கடைக்குப் பின்னால் இரண்டே அறைகளில் புருஷனோடும் மாமியாரோடும் முட்டிமோதிக்கொண்டிருந்தவளுக்கு, ஒருநாளாவது கால்நீட்டி உட்காரலாம் என்று ஆசை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கட்டடத்தின் நான்காம் மாடியில் குடித்தனம் போட்டார்கள். வாசலில் செருப்புகளை விட்டார்கள். பால்கனியில் நனைத்த துணிகளைக் காயப்போட்டார்கள். பஸ் ஓட்டும் புருஷன், பேப்பர் படிக்கிறவராக நடிக்க வேண்டியவர், சோபாவின் மெத்தையில் சாய்ந்ததும் குறட்டைவிட ஆரம்பித்தார். மாமியாருக்கு மட்டும் டை மூன்று வாக்கியங்களைச் சொல்லிக்கொடுத்தார்: அமைதியா இருக்கு, காத்து நல்லா வருது, அக்கம்பக்கத்துல நல்ல மனுஷங்க.

“இதுல ஒன்னு கூட மாத்தக்கூடாதும்மா.”

“மூணே மூணுதானே? எனக்கென்ன மறதியா?” என்றார் மாமியார்.

வேனில் வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், விலையைக் கேட்டார்கள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். கடைசியாக நின்றவர் ஒருவர்தான். கப்பலில் என்ஜின் பார்த்து ஓய்வுபெற்றவர். பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாதவர். அவர் சுவரையும் பார்க்கவில்லை, பளிங்கையும் பார்க்கவில்லை. நேராக மாமியாரிடம் வந்தார்.

“வீடு எப்படிம்மா இருக்கு?”

மாமியார் காலையிலிருந்து அந்த வீட்டில் இருக்கிறார். அதற்குள் மூன்று வாக்கியங்களில் அடங்காத அளவுக்கு விஷயம் சேர்ந்துவிட்டது.

“வீடா இது? சமையல்கட்டுக்குக் கதவு உண்டா? எண்ணெயத் தாளிச்சா வாசல்ல நிக்கறவன் இருமுவான். குழாய எந்தப் பக்கம் திருப்பினாலும் சுடுதண்ணி. லிஃப்ட்டுக்குள்ள ஒரு பொம்பள பேசிட்டே இருக்கா, ஆளக் காணோம். எனக்குத் தெரிஞ்சு இதக் கட்டினவன் ஒருநாள் கூட வீட்டுல சமைச்சவன் இல்ல.”

டையின் முகத்தில் ஈயாடவில்லை. தையல்காரி பின்னாலிருந்து மாமியாரின் இடுப்பைக் கிள்ளினாள்.

“பாத்தீங்களா, கிள்றா! உண்மையச் சொன்னா இவளுக்குப் பிடிக்காது.”

கப்பல்காரர் கடகடவென்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு டையின் பக்கம் திரும்பி, “இவங்களுக்கு எதிர்வீடு காலியா இருக்கா?” என்று கேட்டார்.

டைக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. “இருக்கு சார். மேல் வீட்டுல ஒரு பாட்டு வாத்தியார். கீழ ஒரு நர்ஸம்மா. எல்லாரும் தங்கமான மனுஷங்க” என்று வாய்க்கு வந்ததை அடுக்கினார். அந்த நான்கு கட்டடங்களிலும் விற்ற முதல் வீடு அதுதான்.

கப்பல்காரரின் சாமான்களை ஏற்றிய லாரி டிப்போ வழியாகப் போனபோது தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நெஞ்சில் ஏதோ தைத்தது. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தோம், அதில் நம் தப்பு என்ன என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்தச் சமாதானம் வெகுநாள் நிற்கவில்லை. கொஞ்சநாள் கழித்து, இடுப்பு தொளதொளத்த ஒரு பேண்ட்டை எடுத்துக்கொண்டு அவரே கடை வாசலில் வந்து நின்றார்.

“இத ரெண்டு இஞ்ச் பிடிச்சுக் கொடுக்க...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். “நீங்க... எதிர்வீடு?”

கடை என்னுடையது, வீடு அங்கேதான் என்று ஒரு பொய் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் பின்னறையிலிருந்து, “ஏம்மா, அடுப்புல இருக்கறத நீ இறக்கறியா, நான் இறக்கட்டுமா?” என்று மாமியார் குரல் கொடுத்துவிட்டார். மறக்கக்கூடிய குரலா அது?

கப்பல்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். இந்தமுறை சிரிக்கவில்லை.

“தினம் உங்க வீட்டு பெல்ல அடிக்கறேன். மேல போய் அடிச்சேன், கீழ போய் அடிச்சேன். நாலு கட்டடத்துக்கும் சேர்த்து நான் ஒருத்தன்தான் இருக்கேன். லிஃப்ட்டுல பேசற அந்தப் பொம்பளகிட்டதான் காலையில வணக்கம் சொல்றேன்.”

தையல்காரி கூனிக்குறுகிப் போனாள். “மன்னிச்சுக்கோங்க ஐயா. கூலிக்கு வந்து உட்கார்ந்தோம். இப்படி ஆகும்னு நினைக்கல.”

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குக் கூச்சமே இல்லை. “நான்தான் அன்னிக்கே அந்த வீட்டோட லட்சணத்தப் புட்டுப்புட்டு வச்சேனே? எல்லாத்தையும் கேட்டுட்டு சிரிச்சது யாரு?”

கப்பல்காரரின் உதட்டோரம் மெதுவாக நெளிந்தது. “நீங்க அப்படிக் குறை சொன்னதாலதான் வாங்கினேன். சரி, இங்க ஜனம் இருக்குன்னு நம்பினேன். கப்பல்ல நாள் முழுக்க என்ஜின் சத்தம் கேட்டவன் நான். எனக்கு எதிர்வீட்டுச் சத்தம் வேணும்.”

“பணத்தத் திருப்பிக் கேளுங்க ஐயா. நாங்க சாட்சி சொல்றோம்” என்றாள் தையல்காரி.

“பணத்த வாங்கி நான் என்ன பண்ண? எனக்கு எத வித்தாங்களோ அதக் கொடுக்கட்டும்” என்றார் அவர். எழுந்தவர் திரும்பி, “நீங்க ரெண்டு பேரும் என்கூட வரணும்” என்றார்.

விற்பனை அலுவலகத்தில் மேஜைமேல் நான்கு கட்டடங்களின் பொம்மை இருந்தது. பொம்மை மரங்களுக்கு அடியில் கட்டைவிரல் உயர மனிதர்கள் உலாவிக்கொண்டிருந்தார்கள். அங்கே மட்டும் கூட்டம் நெரிந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்திருந்தார். டை அவருக்குப் பின்னால் நின்று, தையல்காரியைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்.

“வீட்டுல ஏதாவது கோளாறா சார்?” என்றார் அதிகாரியம்மா.

“வீடு முழுசா வந்து சேர்ந்துடுச்சு. எதிர்வீட்டுக்காரங்கதான் இன்னும் வரல. எப்ப அனுப்பி வைக்கறீங்க?”

“புரியலையே?”

“உங்க ஆள் எனக்கு இவங்களையும் காட்டித்தான் வித்தாரு. இந்த அம்மாவோட வாயக் கேட்டுத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.”

அதிகாரியம்மா டையைத் திரும்பிப் பார்த்த பார்வையில் டை இன்னும் இரண்டு விரற்கடை இறங்கியது. “அது சும்மா ஒரு விளம்பர ஏற்பாடு சார்...” என்று இழுத்தார் அந்த அம்மா.

“அப்படியா? அப்ப நானும் ஒரு விளம்பரம் பண்றேன். இங்க குடியிருக்கறவங்க எல்லாம் கூலிக்கு உட்கார்ந்தவங்கன்னு பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்றேன். மத்த வீடு எல்லாம் எப்படி விக்குதுன்னு பார்ப்போம்.”

அதிகாரியம்மாவும் டையும் மூலைக்குப் போய்க் குசுகுசுத்தார்கள். திரும்பி வந்து, அந்த வீட்டை இவர்களுக்கு வாடகைக்குக் கொடுப்பதாகச் சொல்லி, ஒரு தொகையையும் சொன்னார் அந்த அம்மா. தையல்காரி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

“அது எங்க வீட்டுக்காரரோட மொத்தச் சம்பளம் மேடம். இப்ப குடியிருக்கற ரெண்டு ரூமுக்கு என்ன கொடுக்கறோமோ, அதான் எங்களால முடியும்.”

“அந்த வாடகைக்கா? இந்தப் பளிங்குக்கா?”

“பளிங்கு வேணும்னா பேத்து எடுத்துக்கோங்க. எங்களுக்குச் சிமெண்ட் தரைதான் பழக்கம்.”

கப்பல்காரர் மேஜைப் பொம்மையைக் குனிந்து பார்ப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். அதிகாரியம்மா வேறு வழியில்லாமல் தலையாட்டினார். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் தையல்காரிக்கு அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. கூனிக்குறுகி வந்தவளுக்கு இப்போது எங்கிருந்தோ ஒரு குறும்பு முளைத்தது. கப்பல்காரர் பக்கம் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியம் பேசினாள்.

“ஐயா, மேல் வீட்டு பாட்டு வாத்தியாரக் கேக்க மறந்துட்டீங்களே?”

“ஆமாம்ல!” என்று நிமிர்ந்தார் அவர். “பாட்டு வாத்தியார் எங்க? கீழ் வீட்டு நர்ஸம்மா எங்க?”

“எனக்குச் சமையல்கட்டுக்குக் கதவு” என்றார் மாமியார். “அந்த லிஃப்ட்டுப் பொம்பளயோட வாயையும் அடைக்கணும்.”

அடுத்த சில வாரங்கள் டை ஊர் முழுக்கப் பாட்டு வாத்தியாரைத் தேடி அலைந்தார். நர்ஸம்மா சுலபமாகக் கிடைத்தார்; தையல்காரியின் புருஷனோடு டிப்போவில் வேலை பார்ப்பவரின் தங்கை நர்ஸ்தான், இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினார். பாட்டு வாத்தியார் பள்ளிக்கூடத்தில் அகப்பட்டார். ‘உங்க வீட்டு வாடகையே போதும், பளிங்கு வீட்டுக்கு வாங்க’ என்று டை சொன்னதும் அவர் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று கதவைச் சாத்திவிட்டார். தையல்காரியே போய்ப் பேசி அழைத்துவர வேண்டியிருந்தது.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? நர்ஸுக்கு ஒரு வாடகை, எங்களுக்கு ஒரு வாடகையா என்று டிப்போக்காரர்கள் அலுவலக வாசலில் வரிசைகட்டினார்கள். பூட்டியே கிடந்தால் சுண்ணாம்புதான் உதிரும் என்று கம்பெனிக்கும் உறைத்தது. இரண்டாவது கட்டடம் மாடி மாடியாக நிரம்பியது. தரைத்தளத்து வீட்டுக்குக் கடைசியாக ஒருவர் பெட்டியோடு வந்தபோது தையல்காரி படியில் நின்று எட்டிப் பார்த்தாள். டை! இவ்வளவு நாளும் அவர் நான்கு பேரோடு ஓர் அறையில் படுத்துக்கிடந்தாராம்.

“நான் வித்த வீட்ட நானே வாங்க முடியாதுக்கா” என்றார், டை இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டு.

மாமியாருக்கும் கப்பல்காரருக்கும் தினம் காலையில் இரண்டு வாசலுக்கும் நடுவே சண்டை. அவர் பூந்தொட்டியை இந்தப் பக்கம் தள்ளுவார், இவர் அந்தப் பக்கம் தள்ளுவார். சண்டை இல்லாத நாளில் உடம்புக்கு என்னவோ என்று கப்பல்காரர் பெல் அடித்து விசாரிப்பார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் எதிரே கிடந்த காலி மனையில் பெரிய பலகை ஒன்றை நட்டார்கள். மாமியார் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, மகனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

“அஞ்சாவது கட்டடம் வருதாம்மா. இருபது மாடி. வீட்டுக்கு வீடு நீச்சல் குளமாம்.”

வீட்டுக்கே கொண்டுவந்து போட்டிருந்த மிஷினை மிதிப்பதைத் தையல்காரி நிறுத்தினாள். மாமியார் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். அப்புறம் மருமகளிடம் திரும்பினார்.

“டை கூப்பிட்டா உடனே சரின்னு தலையாட்டிடாதே. இந்தத் தடவ நீச்சல் வேற அடிக்கச் சொல்லுவான். கூலிய முன்னாடியே பேசிடணும்.”