பதினோரு வயது மீன்

எங்கள் சாயப்பட்டறை வாசலில் ஒரு ஆரஞ்சு நிற மீன் பதினோரு வருடம் உயிரோடு இருந்தது. அதற்குப் பட்டறை ஆட்கள் வைத்த பெயர் தாத்தா. எனக்கு வைத்த பெயர் கப்ஸா. இரண்டு பெயருக்கும் நானே பொறுப்பு.

விஷயம் இதுதான். சாயம் போட்டு அலசிய தண்ணீரைச் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும் என்பது சட்டம். அதற்காகப் பட்டறையின் பின்பக்கம் ‘சுத்திகரிப்பு நிலையம்’ என்று ஒரு பலகை இருந்தது. பலகைக்குக் கீழே மூன்று தொட்டி, ஒரு பம்பு, நான். சுத்தமான தண்ணீர் வாசலில் உள்ள கண்ணாடித் தொட்டி வழியாக ஓடி, பிறகுதான் வாய்க்காலுக்குப் போக வேண்டும். தொட்டியில் மீன் நீந்த வேண்டும். மீன் பிழைத்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். ஏமாற்றக் கூடாது என்று குழாய்க்கு ஈய முத்திரை குத்திவிட்டுப் போனார் அதிகாரி. மீனுக்கு முத்திரை குத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

முதல் மீன் இரண்டாம் நாள் மல்லாந்தது. மேனேஜர் வந்து பார்த்தார்.

“யோவ், என்னய்யா இது?”

“செத்துப்போச்சு சார்.”

“அது எனக்கும் தெரியுது. ஏன் செத்துச்சு?”

“நடுத் தொட்டி மோட்டார் ஓடல சார். சுண்ணாம்பு கலக்கவே மாட்டேங்குது. மோட்டார மாத்தணும்.”

அவர் தொட்டிக் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். “மோட்டார மாத்துறது சுலபமா, மீன மாத்துறது சுலபமா?”

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. மீனை மாற்றினேன்.

அதற்குப் பிறகு ஒரு மீன் இரண்டு நாள் தாங்கும், அதிகம் போனால் மூன்று. காலைச் சங்கு ஊதும் முன்பே போய்விடுவேன். என் டிபன் கேரியருக்கு மூன்று அடுக்கு. மேலே இரண்டில் சாப்பாடு, கீழடுக்கில் புதுத் தாத்தா. சாயங்காலம் அதே அடுக்கில் பழைய தாத்தா வீடு திரும்பும். ஒரு தடவை சாயம் கலக்குகிறவன் பசி தாங்காமல் கீழடுக்கைத் திறந்துவிட்டான். “அண்ணே, இன்னைக்கு மீனா?” என்றான். “பச்சையாதான் சாப்பிடுவேன், டாக்டர் சொல்லியிருக்கார்” என்றேன். அவன் மூக்குக்குக் கவசம் இல்லாமல் பத்து வருடம் பொடி கலக்கியவன். வாசனையே தெரியாது. நம்பிவிட்டான்.

கடையில் சில வாரம் சின்ன மீன்தான் கிடைக்கும். கவலையில் இளைத்துவிட்டது என்று சொல்வேன். அடுத்த வாரம் பெரியதாகக் கிடைக்கும். தேறிவிட்டது என்பேன். ஒரு தடவை வாலில் வெள்ளைப் புள்ளி இருந்தது. நரை என்றேன். அதிகாரியே, “ஆமாமா, வயசாகுதில்ல” என்று தன் தலையைத் தடவிக்கொண்டார். அவர் வரும் தேதி முன்னாலேயே தெரிந்துவிடும். அன்று மட்டும் நல்ல தண்ணீர் வால்வை முழுதாகத் திறந்து, முத்திரைக் குழாய்க்கு முன்னால் மூன்றாம் தொட்டியிலேயே சாயத் தண்ணீரோடு கலந்துவிடுவது என் வேலை. அவர் வந்தால் தாத்தா வாலால் சல்யூட் அடிக்கும் என்று நான்தான் கிளப்பிவிட்டேன். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள்.

மீனுக்கு ஏழு வயதானபோது என் மகளும் மருமகனும் வீடு பார்த்தார்கள். பட்டறையின் பின்சுவரை ஒட்டிய தெரு. மனைவி போன பிறகு தனியாக இருந்த என்னையும் கூடவே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள் மகள். வீடு பிடித்திருந்தது. ஒரே ஒரு சந்தேகம்.

“ஏன்பா, இந்தத் தெரு போர் தண்ணி குடிக்கலாமா? வாய்க்கால் பக்கத்துலயே இருக்கே.”

“மீனே ஏழு வருஷமா குடிக்குது. நீ குடிச்சா என்ன?”

இதை மேனேஜர் சொல்லிக்கொடுக்கவில்லை. அதிகாரி கேட்கவில்லை. வாயில் வந்தது, சொன்னேன். அவள் சிரித்தாள். குடிபோன அன்று அந்தத் தண்ணீரை ஊற்றியே பால் காய்ச்சினாள்.

நான்கு வருடத்தில் மகளுடைய கையில் தோல் உரிய ஆரம்பித்தது. எதிர்வீட்டுக்காரிக்குக் கழுத்தில் படை. வெள்ளைத் துணி துவைத்தால் வெளிர் ஊதாவாகும். தெருவே களிம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். போரை மூடிவிட்டு வெளியூர்த் தண்ணீர்க் குழாய் இழுத்துத் தாருங்கள் என்று தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். அடுத்த சோதனை நாளில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அதிகாரி பதில் எழுதினார். கூடவே ஒரு வரி: தொட்டியில் மீன் பதினோரு வருடமாக நலமாக இருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அந்தக் காகிதத்தை மகள் சமையலறையில் நின்று படித்துக் காட்டினாள். உரிந்த விரல்களில் காகிதம் ஒட்டியது.

“அந்த மீன் ஒரே மீன் இல்லம்மா. செத்துச் செத்து மாத்துவேன்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏங்க, இங்க வாங்க. அப்பா புதுசா ஒண்ணு விடுறாரு.”

மருமகன் வந்தான். “என்ன மாமா, போன மாசம் அது சல்யூட் அடிச்சுது. இப்ப செத்துப்போச்சா?”

“சத்தியமா மாப்ள.”

“சத்தியம் வேறயா! அப்ப பெரிய கதைதான்.”

எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது கழுத்தைச் சொறிந்துகொண்டாள். பதினோரு வருடமாக நான் சொன்னதையெல்லாம் நம்பியவர்கள், உண்மை ஒன்றைச் சொன்னதும் இவன் புளுகன் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

சோதனை நாள் வந்தது. தெருப் பெண்கள் வாசலில் நின்றார்கள், மகளும் நின்றாள். அதிகாரி இறங்கியதும், “தாத்தா எப்படி இருக்கார்?” என்றார். தொட்டிக்குள் தாத்தா நீந்திக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காரம் அதிகமான கறுப்புச் சாயம் ஓடிய நாள்; தொட்டியில் நிறம் லேசாகத்தான் தெரிந்தது. நல்ல தண்ணீர் வால்வை நான் தொடவே இல்லை.

கால் மணி நேரத்தில் தாத்தா பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மல்லாந்தது.

மேனேஜர் என் காதருகே வந்தார். “யோவ், வால்வத் தொறந்தியா?”

“மறந்துட்டேன் சார்.”

அதிகாரியோ தொப்பியைக் கழற்றினார். “பாவம். பதினோரு வயசு. போற காலம் வந்துடுச்சு” என்றார். மேனேஜர் சட்டென்று கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். சாயம் கலக்குகிறவன் நிஜமாகவே அழுதான். எதிர்வீட்டுக்காரிகூட “ச்சே” என்றாள். நான் கட்டிய கதை இவ்வளவு உறுதியாக நிற்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

கீழடுக்கைத் திறந்தேன். அதில் ஏழு மீன் இருந்தன.

“சார், இது தாத்தாவோட தம்பி” என்று ஒன்றை விட்டேன்.

“இதுக்கு என்ன வயசு?” என்றார் அதிகாரி.

“நேத்து சாயங்காலம் கடையில வாங்கினது சார்.”

அது பத்து நிமிடம் தாங்கியது. அடுத்ததை விட்டேன். மேனேஜர், “இவன் கப்ஸா சார், விளையாடுறான்” என்றார். அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. நான்காவது மீன் மல்லாந்தபோது தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு, பையிலிருந்து பேனாவை எடுத்தார். மிச்சம் மூன்றை நான் விடவில்லை. அவற்றை, வெளியூர்த் தண்ணீர் வரும் கேண்டீன் குழாயில் பிடித்த என் பாட்டிலில் போட்டேன். அவை நன்றாகவே நீந்தின.

அந்த வாரமே பட்டறையை மூடினார்கள். எனக்கு வேலை அன்றைக்கே போய்விட்டது. போரை மூடிக் குழாய் இழுக்கப் பத்து நாளாகும் என்றார்கள். தெருப் பெண்கள் என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. வழிவிட்டு நின்றார்கள்.

சோதனை முடிந்த அன்று மகள் என்னோடு வீடு வரை நடந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

“மொத்தம் எத்தனை மீன்பா?”

பம்புக்குப் பின்னால் சுவரில் கோடு போட்டு வைத்திருந்தேன். “ஆயிரத்தி அறுநூத்தி நாப்பத்தி ஏழு.”

அவள் சிரிக்கவில்லை. “நாங்க வந்த பிறகு?”

“அறுநூறு இருக்கும்.”

வீட்டுக்குள் போனதும் என் பாட்டிலை வாங்கி மேசைமேல் வைத்தாள். மூன்று மீனும் அதில் சுற்றிக்கொண்டிருந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேண்டீன்லேர்ந்து தினம் இந்த பாட்டில்ல புடிச்சுட்டு வருவீங்க. ஏன்பானு கேட்டா, ஒட்டகத்துக்குப் பிறந்தவன், வீட்டுத் தண்ணி ஒத்துக்காதுன்னு சொல்வீங்க.”

“ஆமா.”

“நான் சிரிப்பேன்.”

“ஆமாம்மா.”

அவள் அடுப்படிக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு தம்ளர் போர் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

தம்ளரை எடுத்தேன். நான்கு வருடத்தில் அந்த வீட்டுத் தண்ணீரை நான் குடித்தது அதுதான் முதல் தடவை. நாக்கில் துருவும் சோப்பும் போல ஏதோ பட்டது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.

‘இனிப்பா இருக்கும்மா’ என்று வாய்வரை வந்தது. அவள் நம்பிவிடுவாளோ என்று பயந்து சும்மா இருந்தேன்.